பாலையூற்று வீட்டில் 14 வெள்ளை பல்புகள்

2019இல் பாலையூற்றில் எங்கள் வீட்டு வேலை முடிந்தபோது, வயரிங் செய்த தம்பி எண்ணிச் சொன்ன கணக்கு 14 பல்ப். திருகோணமலை டவுனுக்குப் போய் 14-ஐயும் ஒரே கடையில் வாங்கி வந்தோம். எல்லாம் 9 வாட்ஸ், எல்லாம் ‘டேலைட்’ என்கிற நீலம் கலந்த வெள்ளை. “இதுதான் வெளிச்சம் கூட, எல்லாரும் இதைத்தான் எடுக்கிறாங்க” என்றார் கடைக்கார அண்ணன். சாமியறைக்கும் அதுதான், குசினிக்கும் அதுதான், கிணத்தடிக்கும் அதுதான் என்று மாட்டிவிட்டோம்.

யோசிக்காமல் வாங்கியதற்கும் ஒரு காரணம் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் சண்டைக்காலத்துப் பிள்ளைகள். குப்பி விளக்கில் படித்தவர்கள். போத்தல் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்ட விளக்கு, புகை ஏறிய சுவர், காலையில் மூக்கைத் துடைத்தால் கறுப்பு. மஞ்சள் வெளிச்சம் என்றால் எங்களுக்குக் கரண்ட் இல்லாத வீடு. வெள்ளை என்றால் நிமிர்ந்துவிட்ட வீடு. எங்கள் ஒழுங்கையில் இரவில் நடந்து போனால் இன்றைக்கும் ஜன்னலெல்லாம் நீலம் பாய்ந்த வெள்ளையாகத்தான் தெரிகிறது. அந்த வெள்ளைக்குப் பின்னால் எத்தனை வருஷத்து இருட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் அதைக் குறையாகச் சொல்ல மனம் வராது.

எங்கள் வீட்டில் அதை மாற்ற வைத்தது அம்மாவின் கண்.

அம்மாவுக்குக் கண்புரை ஒப்பரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று பின்னேரம் அறை லைட்டைப் போட்டேன். கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: “ஏன் பிள்ள, சுவருக்கு நீலப் பெயின்ற் அடிச்சுப் போட்டியளோ?” அந்தச் சுவர் கட்டின நாளிலிருந்து வெள்ளை. பிறகு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு, “அந்த லைட்டை நூரு, கண்ணுக்குள்ள குத்துது” என்றார்.

அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டபோது விளக்கமாகச் சொன்னார். வயது போகப் போக நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே வரும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி பழுப்பதுபோல. அந்த மஞ்சள் நீல நிறத்தைப் பெருமளவு மறித்துவிடும். மெதுமெதுவாக வருவதால் ஆளுக்குத் தெரியாது. அதை எடுத்துவிட்டுத் தெளிந்த லென்ஸ் வைத்ததும், பல வருஷம் மறைந்திருந்த நீலமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வருகிறது. அம்மா பார்த்தது பிழையில்லை. அந்த பல்பில் அவ்வளவு நீலம் உண்மையிலேயே இருந்தது. நாங்கள்தான் பழகிப்போயிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் பல்ப் பெட்டியைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினேன்.

பெட்டியில் 2700கே, 4000கே, 6500கே என்று ஓர் எண் இருக்கும். கே என்றால் கெல்வின், வெப்பநிலையின் அளவு. கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேற வெள்ளையாகும். அதற்கும் மேலே போனால் நீலம் கலக்கும். வெளிச்சத்தின் நிறத்தை அந்தச் சூட்டை வைத்து அளக்கிறார்கள். மெழுகுதிரி கிட்டத்தட்ட 1900, பழைய குண்டு பல்ப் 2700, உச்சி வெயில் 5500, மப்பு மூடிய பகல் வானம் 6500 அளவில். எங்கள் ‘டேலைட்’ பல்புகளும் அந்த 6500தான். எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம். சூடு கூடிய எண்ணுக்குக் ‘கூல்’ என்றும் குறைந்த எண்ணுக்கு ‘வார்ம்’ என்றும் பெயர் வைத்திருப்பதால்தான் கடையில் எல்லோரும் குழம்புகிறோம். அதைவிடக் குழப்பம், ஒரு கம்பனி 4000-ஐக் கூல் வைட் என்கிறது, இன்னொன்று 6500-ஐ அப்படிச் சொல்கிறது. பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

இந்த எண்ணுக்கும் வெளிச்சத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை. அளவைச் சொல்வது லூமன். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்ப் சுமார் 800 லூமன் தந்தது, இன்று 9 வாட்ஸ் எல்ஈடி அதே அளவைத் தருகிறது. ஒரே வாட்ஸில் வெள்ளை பல்ப் மஞ்சளைவிடக் கொஞ்சம் கூட லூமன் தருவது வழக்கம், ஆனால் அது பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாத வித்தியாசம். நீலம் கலந்தது கண்ணுக்குப் பளீரென்று படுவதால் ‘வெளிச்சம் கூட’ என்று நினைக்கிறோம். மஞ்சள் பல்ப் போட்டு அறை மங்கல் என்று தோன்றினால், நிறத்தை மாற்றாமல் லூமன் கூடிய பல்ப் வாங்கிப் பாருங்கள்.

ஒரு நாள் பழுதான பல்ப் இரண்டை இவர் மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார். உள்ளே ஓர் அலுமினியத் தட்டு, அதில் அரிசிமணி அளவில் வரிசையாக மஞ்சள் பொட்டுகள். டேலைட் பல்பில் அந்தப் பொட்டு எலுமிச்சை மஞ்சள், வார்ம் பல்பில் மாம்பழச் சதையின் நிறம். அந்தப் பூச்சுக்கு அடியில் இருப்பது இரண்டிலும் நீல வெளிச்சம் தரும் சில்லுதான். மேலே பூசிய மஞ்சள், நீலத்தில் ஒரு பங்கைப் பிடித்து வேறு நிறமாக மாற்றி விடுகிறது. பூச்சு எவ்வளவு, எப்படி என்பதில்தான் வார்மும் கூலும் பிரிகின்றன. அந்த நீலச் சில்லைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. டேலைட் பல்பில் ஏன் அவ்வளவு நீலம் என்பது அந்தப் பொட்டுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு மனதில் பதிந்தது.

அம்மா பட்ட பாட்டைப் பார்த்த ஆத்திரத்தில் நான் அடுத்த பிழையைச் செய்தேன். வீடு முழுக்க 2700 வாங்கி ஒரே நாளில் மாற்றினேன்.

நான் வீட்டில் சட்டை தைத்துக் கொடுப்பவள். சேலைச் சட்டைதான் கூட. கலியாண வீட்டு அவசரம் ஒன்று, கருநீலப் பட்டுத் துண்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு வேண்டும். இரவு பத்து மணிக்கு நூல் பெட்டியிலிருந்து கருநீல நூல் என்று எடுத்துக் கழுத்து, கை எல்லாம் மடித்துத் தைத்து முடித்தேன். காலையில் கதவடியில் வெயிலில் பிடித்துப் பார்த்தபோது கழுத்தைச் சுற்றி ஓடுவது கறுப்பு நூல். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் குறைவு. நீலம் அவ்வளவு குறைந்த இடத்தில் கருநீலத் துணி தன் நிறத்தைக் காட்ட வழியில்லை, அது கறுப்பாகத்தான் நிற்கும். பிளேட்டால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். நூல் வந்துவிட்டது, ஊசி குத்திய துளை பட்டில் அப்படியே நின்றது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நான் கூலி வாங்கவில்லை. அந்தத் துளைகள் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன.

தையல் மேசைக்கு இப்போது 4000. அதோடு நான் பார்ப்பது சிஆர்ஐ என்ற எண். அதே கெல்வின் எண்ணுள்ள இயல்பான வெளிச்சத்தில் தெரிகிறபடி நிறங்களை அந்த பல்ப் எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் என்பதற்கு 100க்கு எத்தனை என்ற புள்ளி அது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 80. 90 தேடித்தான் எடுக்க வேண்டும், விலையும் கூட. துணி, நூல், பெயின்ற், மேக்கப் என்று நிறத்தோடு வேலை செய்கிறவர்கள் அந்த ஒரு பல்புக்காவது செலவழியுங்கள். எட்டு மென்மையான நிறங்களை வைத்துத்தான் அந்தப் புள்ளியைக் கணக்கிடுகிறார்கள், கடும் சிவப்பு அதில் சேராது. அதனால் 80 வாங்கிய பல்பும் சிவப்பில் சறுக்கும். குங்குமச் சிவப்புச் சேலை செங்கல் நிறமாகத் தெரிவது அதனால்தான்.

இதே சறுக்கல் குசினியிலும் வரும். எங்கள் ஊரில் பின்னேரக் கரைவலை மீன் வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிடும். பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வோம். பழைய பல்பின் கீழ் நல்ல மீனின் செவுளும் தவிட்டு நிறமாகத் தெரிந்து, ஒரு தடவை மீன்காரத் தம்பியோடு தேவையில்லாமல் முகம் முறிந்தது. வாசலில் டோர்ச் அடித்துப் பார்த்தபோது இரத்தச் சிவப்பு. தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது வெட்டும் பலகைக்கு மேலே 4000, சிஆர்ஐ 90. நடுக்கூரையில் ஒரு பல்ப் போட்டால் நம் தலை நிழல் பலகையில்தான் விழும், அதனால் பல்ப் நமக்கு முன்னால் சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். நிறத்தைவிட அது முக்கியம் என்றே சொல்வேன்.

தையலில் இன்னொன்றும் கண்டேன். மோட்டர் மெஷின் வேகமாக ஓடும்போது, மலிவு பல்பின் கீழ் ஊசி ஒன்று நான்காகத் தெரியும். நான்கு ஊசி அந்தரத்தில் நிற்பதுபோல. நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மட்டமான பல்ப் நொடிக்கு 100 தடவை அணைந்து எரிகிறது. கண் அதை உணராது, ஆனால் சிலருக்குத் தலையிடி வரும், விரலை ஊசிக்குக் கொடுக்கவும் நேரும். போன் கமராவை பல்புக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால் அந்தப் பல்பை நெடுநேரம் வேலை செய்யும் இடத்தில் போடாதீர்கள்.

மகனுக்கு அப்போது சாதாரண தரப் பரீட்சை வருஷம். 2700 போட்ட மூன்றாம் நாள், “அம்மா, இந்த லைட்டுல புத்தகத்தைத் திறந்தாலே நித்திரை வருது” என்றான். சாட்டு என்று நினைத்துப் பேசிவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால் அவன் பக்கம் நியாயம் இருந்தது. நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் வேறு செல்களும் உண்டு. அவை 480 நானோமீற்றர் அளவிலான நீலத்துக்குத்தான் மிகவும் விழிக்கின்றன. நீலம் கண்ணில் பட்டால் மூளை பகல் என்று எடுத்துக்கொண்டு, நித்திரைக்கான மெலடோனினைக் குறைத்துவிடும். படிக்கிற நேரத்தில் அது உதவி, படுக்கிற நேரத்தில் உபத்திரவம்.

அதனால் மகனின் மேசைக்கு 4000 மேசை விளக்கு, வலக்கையால் எழுதுகிறவன் என்பதால் இடப்பக்கம். அறை லைட்டும் கூடவே எரிய வேண்டும். மேசை மட்டும் பளிச்சென்று சுற்றிலும் இருட்டாக இருந்தால் கண் களைக்கும். ஒன்பதரைக்கு மேசை விளக்கை நூர்த்துவிட்டு மஞ்சளுக்கு மாறுவான். 6500 கேட்டான், நான் கொடுக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு அவ்வளவு நீலத்தைக் கண்ணில் வாங்கிவிட்டு ஐந்து மணிக்கு எழும்பு என்று பிள்ளையைச் சொல்வது சரியாக எனக்குப் படவில்லை.

2022இல் கரண்ட் வெட்டு நாட்கள் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. மண்ணெண்ணெயும் இல்லை, கிளாசில் தேங்காயெண்ணெய் விட்டுத் திரி போட்டோம். அந்த இரவுகளில் அம்மா ஒன்பது மணிக்கே நித்திரை. கரண்ட் ஒழுங்காக வந்த பிறகு மறுபடி ஒரு மணி வரை புரளத் தொடங்கினார். டிவி இல்லாததும் வீடு அடங்கியதும் அதில் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மஞ்சள் பல்ப் போட்டால் மட்டும் நித்திரை வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2700 ஆனாலும் தலைக்கு நேரே 12 வாட்ஸ் எரிந்தால் உடம்பு விழித்துத்தான் இருக்கும். மஞ்சளாகவும் இருக்க வேண்டும், மங்கலாகவும் இருக்க வேண்டும், பல்ப் நேரே கண்ணில் படவும் கூடாது.

அம்மாவின் அறையில் இப்போது இரண்டு சுவிட்ச். ஒன்றில் 3000, 9 வாட்ஸ். தேவாரப் புத்தகம் படிக்கவும் சுளகில் அரிசி கல் பார்க்கவும் அது. வயதானவர்களுக்கு வெளிச்சம் கூடத் தேவை. கூடத் தேவைப்படுவது அளவுதான், நீலம் அல்ல. மற்றதில் 2700, 3 வாட்ஸ், படுக்கும் முன். குளியலறைக்குப் போகும் வழியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன லைட் இரவு முழுக்க எரிகிறது. நடுச்சாமத்தில் பெரிய லைட்டைப் போட்டு நித்திரையைக் கலைக்கவும் தேவையில்லை, இருட்டில் தட்டுத் தடுமாறி விழவும் வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மற்ற பல்பை விடுங்கள், இந்த ஒன்றை இன்றைக்கே செய்யுங்கள்.

இதற்கு முதல் அந்த அறைக்கு மூன்று நிறம் மாறும் பல்ப் ஒன்று வாங்கிப் பார்த்தோம். சுவிட்சைப் போட்டு எடுத்தால் மஞ்சள், நடுத்தரம், வெள்ளை என்று மாறும். நினைப்பு நல்லது. ஆனால் எங்கள் பக்கம் வாடைக்காற்று மாதங்களில் கரண்ட் இமை கொட்டுவதுபோல் போய்ப் போய் வரும். ஒவ்வொரு இமைப்புக்கும் பல்ப் நிறம் மாறி, அம்மா படுக்கத் தயாராகும் நேரத்தில் அறை வெள்ளையாகிவிடும். இரண்டு கிழமையில் கழற்றிவிட்டேன்.

ஹோல் பற்றிச் சொன்னால் இவருக்குக் கொஞ்சம் வருத்தம் வரும். கடல் நீலம் அடிக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. பகலில் அழகுதான். 2700 போட்ட இரவு அந்தச் சுவர் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி ஆனது. மஞ்சள் வெளிச்சம் நீலச் சுவரைக் கொன்றுவிடும். வெளிர்நீலம், சாம்பல், பச்சை சுவருக்கு 4000 பொருந்தும். கிறீம், மஞ்சள், மரப் பலகை நிறங்களுக்கு 2700, 3000. பெயின்ற் அடிக்கும் முன் மட்டையில் அந்த நிறத்தை அடித்து இரவு பல்பின் கீழ் பாருங்கள். நாங்கள் ஹோலுக்கு 4000 போட்டு இரண்டு வருஷம் சமாளித்து, மறு பெயின்றில் கிறீம் அடித்து, பிறகு 3000க்கு வந்தோம். ஹோலும் சாப்பாட்டு மேசையும் ஒரே பார்வையில் தெரியும் வீடு என்பதால் இரண்டுக்கும் ஒரே எண். ஒன்று மஞ்சள் ஒன்று வெள்ளை என்றால் மேசையில் சோறே இரண்டு நிறமாகத் தெரியும்.

சாமியறையில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை, 2700தான், அதுவும் சின்னது. கோணேசர் மலையில் மூலஸ்தானத்துத் தீபத்தில் சாமி பார்த்த கண் நமக்கு. டியூப் லைட் வெள்ளையில் குத்துவிளக்குச் சுடர் எரிகிறதா என்றே தெரியாது, படங்களின் கண்ணாடியில் லைட்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பூசை நேரம் அந்தச் சின்ன பல்பையும் நூர்த்துவிடுவேன்.

விறாந்தைக்கும் மஞ்சள். மாரி மழை தொடங்கினால் ஈசல் எப்படி வரும் என்று ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சிகளை இழுப்பது நீலமும் அதற்கு அப்பாலுள்ள ஊதாவும்தான். 6500 எரிந்த வருஷம் காலையில் சிறகைக் கூட்டி அள்ளினேன், 2700க்கு மாற்றிய பிறகும் வருகிறது, ஆனால் விளக்குமாற்றால் ஒரு தட்டுக்குள் அடங்குகிறது. கடல் காற்றில் ஹோல்டர் ஊசிகள் பச்சை பிடிக்கும், வருஷத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். முழுக்க மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் எல்ஈடி போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் சீக்கிரம் செத்துப்போகும், வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இன்னும் வேகமாக.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் பத்து வெள்ளை லைட் எரியும்போது மஞ்சள் பல்பைக் கொளுத்திக் காட்டினால் அது அழுக்காகத்தான் தெரியும். அங்கே முடிவெடுக்க வேண்டாம். 2700, 4000 இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கி வந்து, இருட்டிய பிறகு ஒவ்வோர் அறையிலும் இரண்டு இரவு மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் இரவில் எதுவும் பிடிக்காது, கண் பழக ஒரு நாள் வேண்டும். உள்ளங்கையைக் கீழே பிடித்துப் பாருங்கள், கை பிணத்தின் கைபோல் வெளிறியிருந்தால் அந்த பல்ப் மனிதர் இருந்து கதைக்கும் அறைக்கு ஆகாது. ஹோல்டர் பின்னா ஸ்குரூவா என்று பார்த்துக்கொண்டு போங்கள். ஒரே அறைக்கு வேண்டியதை ஒரே கம்பனியில், ஒன்று கூடுதலாகவே வாங்கி வையுங்கள். ஒன்று பழுதானால் பிறகு வாங்குவது அதே எண்ணிலும் நிறம் விலகி நிற்கும்.

கழற்றிய 6500 பல்புகளை எறியவில்லை. ஒன்று கிணத்தடியில், ஒன்று சாமான் அறையில், ஒன்று கரண்ட் பெட்டிக்கு மேலே. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டு வாங்கிப் போனார். வள்ளத்து இஞ்சின் திருத்துகிற கொட்டில் அவருடையது. “எண்ணெய்க் கறைக்குள்ள நூல் அளவு வெடிப்புத் தேட வேணும் தங்கச்சி, எனக்கு இதுதான் சரி” என்றார். அங்கே அவை ஐந்து வருஷமாக எரிகின்றன.